மாற்றிக் கட்டிய காருக்கும் ஒரு வரிசை வேண்டும்

அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டதை நான் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அங்கே இருக்கும் நம்ம நண்பர்கள் கார் ஷோ படங்கள் அனுப்ப ஆரம்பித்தால், சரி, ஜூன் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏதோ ஒரு கடைத்தெரு பார்க்கிங்கில் பழைய கார்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் பானட் திறந்திருக்கும். உள்ளே எஞ்சின், புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னும். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, தொப்பி வைத்த ஒரு தாத்தா. கீழே நண்பரின் குறிப்பு: "பேரு 1932 ஃபோர்டு. ஆனா உள்ள இருக்கிறது வேற எஞ்சின், வேற கியர் பாக்ஸ், வேற பிரேக்!"

இதற்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். நான் பி.காம். படித்தவன். எஞ்சினுக்கும் எனக்கும் பெட்ரோல் பில் அளவில்தான் சம்பந்தம். ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம், இது பணக்காரர்கள் கதை இல்லை. 1930களில் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத, ஆனால் கைவேலை தெரிந்த இளவட்டங்கள், கழித்துப் போட்ட ஃபோர்டு டி மாடல், ஏ மாடல் கார்களைச் சல்லிசாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், கூரையை வெட்டி இறக்கினார்கள், எஞ்சினைத் தட்டிக் கொட்டி வேகம் ஏற்றினார்கள். மூரக், எல் மிராஜ் என்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் கொண்டுபோய் விரட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு கம்பெனி வி-8 எஞ்சினைச் சாமானியன் வாங்கும் காரில் போட்டுக் கொடுத்ததும் இந்தப் பைத்தியம் இன்னும் முற்றியது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பட்டாளத்துப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். 1948இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்துவிட்டது. அன்று போலீஸ் துரத்திய அந்தக் கார்களைத்தான் இன்று பேரப் பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊரிலும் இந்த மாதிரி மாற்றிக் கட்டிய கார்கள் இருந்தன. ஆசைக்காக மட்டும் இல்லை, பெரும்பாலும் தேவைக்காக. ஆனால் நம்ம சட்டத்திலும் சரி, நம்ம பழைய கார் ஊர்வலங்களிலும் சரி, அவற்றுக்கு இடம் இல்லை. இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பழைய கார் பிரியர்கள் நிறைய. சங்கங்கள் இருக்கின்றன, ஊர்வலங்கள் நடக்கின்றன. மைசூர் போகிற வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் 2023இல் 'பயணா' என்று ஒரு கார் மியூசியமே வந்துவிட்டது. நம்ம பக்கம் கோயம்புத்தூரில், ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடங்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்த மனிதரின் ஊரில் கார் மியூசியம் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் ஊர்வலத்தில் கொஞ்ச நேரம் நின்று காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரே வார்த்தை "ஒரிஜினல்". ஹெட்லைட் ஒரிஜினலா? ஸ்டியரிங் ஒரிஜினலா? சீட்டுத் துணி அந்தக் காலத்துத் துணியா? ஐயா, அறுபது எழுபது வருஷம் ஒரு காரை ஒரு போல்ட் மாற்றாமல் வைத்திருக்க யாரால் முடியும்? அரண்மனையால் முடியும். எஸ்டேட் முதலாளியால் முடியும். ஷெட்டில் நாலு கார் நிற்க, ஐந்தாவதைத் துணி போட்டு மூடி வைக்கிறவரால் முடியும். ஒரே காரை வைத்துக்கொண்டு கல்யாணம், கருமாதி, பிரசவம், வியாபாரம் அத்தனையும் பார்த்த குடும்பத்தால் முடியுமா?

அதுவும் நம்ம நாட்டில். 1953இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று பரிந்துரைத்தது. இங்கே கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கார் என்றால் கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். இந்த மூன்றுதான் என்று ஆனது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செவ்ரோலே, டாட்ஜ், பிளைமவுத் கார்களுக்கு உதிரி பாகம் எங்கே போவது? லேத் பட்டறைக்குத்தான் போனார்கள். புதுப்பேட்டையிலும் பெங்களூர் சிவாஜி நகரிலும் தேடி எடுத்தார்கள். பெட்ரோல் குடித்த பெரிய அமெரிக்க கார்களின் வயிற்றில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை வைத்து டாக்சி ஓட்டினார்கள். அந்த பெர்கின்ஸ் எஞ்சினைச் சென்னையில் நம்ம சிம்ப்சன் கம்பெனியே செய்தது. கலிபோர்னியாப் பையன் வேகத்துக்காகச் செய்ததை, நம்ம ஆள் அரிசிக்காகச் செய்தான். கை ஒன்றுதான். பெங்களூர் பாஷையில் சொன்னால் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'!

வேகத்துக்காகச் செய்தவர்களும் நம்மிடம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதையில் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை நம்ம பக்கத்தில் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே ஓடியவை ஃபெராரி இல்லை. நம்ம தெருவில் ஓடிய ஃபியட், ஹெரால்ட் எல்லாம், உடம்பு இளைத்து, எஞ்சின் கூர்தீட்டி வந்து நின்றன. இந்த பெங்களூரில் சிபானி கம்பெனி 1982 முதல் 'டால்ஃபின்' என்று ஒரு கண்ணாடி இழை கார் செய்தது, ஞாபகம் இருக்கிறதா? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கடையில் அதை விலைக்குக் கேட்க ஆளில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்கு அது அல்வா. கோயம்புத்தூர் கரிவர்தன் அந்த டால்ஃபினை முடுக்கி ஓட்டியவர். பிறகு மாருதி எஞ்சினை வைத்துப் பந்தய காரே செய்து, நாலு பேருக்கு எட்டும் விலையில் கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். ஹாட் ராட் நம்ம கலாச்சாரம் இல்லை என்று யாராவது சொன்னால், இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது சொந்தக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற அனுமதி வேண்டும்.

கரூரில் என் பெரியப்பா வீட்டில் ஒரு அம்பாசடர் இருக்கிறது. 1970 மாடல், மார்க் 2. பெரியப்பா ஜவுளி வியாபாரி. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன எண்பதுகளின் தொடக்கத்தில், பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார். அன்று தமிழ்நாடு முழுக்க நடந்த காரியம் இது, அதிசயம் ஒன்றும் இல்லை. எஞ்சின் உட்கார மவுண்டிங் புதிதாக வெல்டிங் செய்தார்கள். முன் ஸ்பிரிங்குக்குப் பலம் சேர்த்தார்கள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, முறையாக அனுமதி வாங்கினார்கள். ஆர்.சி. புக்கில் புது எஞ்சின் நம்பர் எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைய சட்டத்தில் அதற்கு வழி இருந்தது.

அந்தக் காரில்தான் என் அக்கா கல்யாண ஊர்வலம் போனாள். அந்தக் காரில்தான் நான் கல்லூரியில் சேரத் திருச்சிக்குப் போனேன். சத்தம் அரிசி மில் மாதிரி இருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்து ரகசியம் பேச முடியாது, குடும்பத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் :-)

பெரியப்பா போய்விட்டார். கார் ஷெட்டில் நிற்கிறது. போன மாதம் தம்பி போன் செய்தான். "அண்ணா, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிச்சுருவேன்."

ஒரு வார்த்தை சொல்வதற்குள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தொழில் புத்தி.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. நல்ல காரியம். முதல் பதிவிலிருந்து 50 வயது தாண்டிய கார், இரு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் போட, ரிப்பேர் பார்க்க மட்டும் ரோட்டில் எடுக்கலாம். 2022இல் வந்த விதிகளில், இப்படிப் பதிவான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

பெரியப்பா கார் 50 தாண்டிவிட்டது. ஆனால் அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முடிந்தது கதை. அரசாங்கமே அனுமதித்து, அரசாங்கமே சீல் குத்திய மாற்றம் என்றாலும், காருக்கு விண்டேஜ் வரிசையில் இடம் இல்லை.

அப்படியென்றால் சாதாரணப் பழைய கார் என்ற கணக்கில் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்க 2022 மார்ச் வரை 600 ரூபாய். ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ஆனது. இது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. தினமும் ஓடும் காரைப் போலவே எஃப்.சி. சோதனை. பெங்களூருக்குக் கொண்டுவந்து என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், தடையில்லாச் சான்று, 12 மாதத்துக்கு மேல் இருந்தால் கர்நாடகப் பதிவு, வரி என்று தனிப் படலம். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நாம் எல்லோரும் சொந்த வண்டியில் ஒரு முறையாவது பாடிய படலம்தான், விளக்க வேண்டியதில்லை.

இன்று இதே மாற்றத்தைச் செய்ய நினைத்தால் இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் இடம் கொடுத்துத் தீர்ப்பு சொன்னபோது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, கூடாது என்றால் கூடாதுதான் என்றது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆக ஐந்தொகை இப்படி நிற்கிறது. தொடாமல் வைத்திருந்தவருக்குத் தள்ளுபடி. தட்டிக் கொட்டி ஓட்டியவருக்கு எழுதிக் கழித்தல்.

இதில் எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ராத்திரி பதினொன்றரைக்கு நம்ம தெருவில் சைலன்சரை மாற்றிய பைக் ஒன்று போகிறதே, தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுகிறதே, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு, உடம்புக்குப் பொருந்தாத டயர் எல்லாம் ஆபத்துதான். ஒரு காலத்தில் சமையல் கேஸ் சிலிண்டரை டிக்கியில் படுக்க வைத்துக் கார் ஓட்டிய புண்ணியவான்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஏறி உட்காருகிறவன் உயிரும் ரோட்டில் போகிறவன் உயிரும் விளையாட்டு இல்லை. நீதிமன்றம் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாற்றமே கூடாது என்பது நம்ம சட்டத்தின் கொள்கை இல்லை. பெட்ரோல் காரில் அங்கீகரித்த கேஸ் கிட் மாட்டலாம். மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றலாம். அங்கீகரித்த கிட் வாங்கி மின்சார வண்டியாகவே மாற்றலாம். அதாவது, சோதித்துப் பார்த்த மாற்றம் என்றால் சம்மதம், பார்க்காத மாற்றம் என்றால் குற்றம். இந்தக் கொள்கை எனக்கு முழுச் சம்மதம். அதையே பழைய கார்களுக்கும் விரியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜெர்மனிக்காரர்களை விடவா நாம் கறார்? அங்கே 1997 முதல் 30 வயது தாண்டிய கார்களுக்கு 'எச்' என்று முடியும் தனி நம்பர் பிளேட் தருகிறார்கள். அந்தக் காரில் மாற்றம் இருக்கலாமா என்றால், அந்தக் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த மாற்றம் என்றால் பரவாயில்லை என்கிறார்கள். நிபுணர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து மனிதன் அந்தக் காலத்துக் காருக்கு என்ன செய்தான் என்பதும் சரித்திரம்தானே என்ற எண்ணம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

நான் கேட்பது மூன்றே மூன்று.

முதலாவது, 50 வயது தாண்டிய காரில், 2000 திருத்தத்துக்கு முன்பே அனுமதி வாங்கி ஆர்.சி. புக்கில் ஏறிய மாற்றம் இருந்தால், அதையும் விண்டேஜ் பதிவுக்கு ஏற்கலாம். 'மாற்றம் செய்தது' என்று தனி வரிசையாகவே வைக்கட்டும். ஒரிஜினல் காரோடு போட்டி போட வேண்டாம்.

இரண்டாவது, சும்மா தர வேண்டாம். சோதித்துத் தரட்டும். பிரேக், ஸ்டியரிங், சேசிஸ், வெல்டிங் எல்லாம் பார்க்கட்டும். ஒரகடத்திலும் புனேயிலும் வாகனச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள். கட்டணம் அதே 20,000 வாங்கட்டும், தினசரி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கட்டும். வருஷத்துக்கு நாலு நாள் ஓடும் காரால் புகை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

மூன்றாவது, இதற்குச் சட்டம் எல்லாம் தேவையில்லை. பழைய கார் சங்கங்கள் ஊர்வலத்தில் ஒரு பிரிவு திறந்தால் போதும். பேப்பர் சரியாக உள்ள, குடும்பம் மாற்றி ஓட்டிய கார்களுக்கு ஒரு வரிசை. காருக்கு முன்னால் ஒரு அட்டையில், என்ன மாற்றினார்கள், எந்த வருஷம், எந்த ஊர்ப் பட்டறை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம்ம ஜனங்கள் ரோல்ஸ் ராய்ஸ் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த வரிசைக்கு வந்தால் நின்று கதை பேசுவார்கள். "எங்க சித்தப்பாவும் இதே மாதிரி..." என்று யாராவது ஆரம்பிக்காமல் இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அந்த அட்டைதான் எனக்கு முக்கியம். ஒரிஜினல் காரில் கம்பெனி என்ஜினியரின் மூளை இருக்கிறது. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றிய காரில் லேத் பட்டறைக்காரர், டிங்கர், வெல்டர், பெயிண்டர் என்று நம்ம தெரு மனிதர்களின் மூளை இருக்கிறது. அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. வரைபடம் கிடையாது, படிப்பு கிடையாது, ஒரு கம்பெனி எஞ்சினை இன்னொரு கம்பெனி வயிற்றில் உட்கார வைத்து நாற்பது வருஷம் ஓட வைத்தார்கள். காரை நசுக்கி இரும்பாக்கினால் அதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

ஊரை விட்டு வந்து வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊரில் ஷெட்டில் நிற்கும் கார்களைப் பற்றிய போன் நமக்குத்தான் வருகிறது. இடம் அங்கே, முடிவு இங்கே. "சரி, போட்டுரு" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சொல்வதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுத்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன சீல் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை செய்த மெக்கானிக் உயிரோடு இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். கார் நிலைக்கிறதோ இல்லையோ, கதை நிலைக்கும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அடுத்த வருஷம் ஆயுத பூஜை வரைக்கும் தொடாதே. பாட்டரியைக் கழற்றி வை, டயருக்கு அடியில் செங்கல் கொடு, எலி வராமல் பார்த்துக்க. செலவு என்னுது." அவனுக்கு அரை மனசுதான். "அண்ணா, இதை ஓட்டவும் முடியாது, விக்கவும் முடியாது, எதுக்குண்ணா?" என்றான். வங்கி அதிகாரியாக யோசித்தால் அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் வங்கி அதிகாரியாக யோசிப்பதை அன்றைக்கு நிறுத்திக்கொண்டேன்.

பி.கு.: உங்கள் வீட்டில் இந்த மாதிரி எஞ்சின் மாற்றிய அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் எதுவானாலும் இருந்தால், என்ன மாற்றம், எந்த வருஷம், ஆர்.சி.யில் ஏறியதா என்று மட்டும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால், நம்ம ஊர்ச் சங்கத்தாரிடம் அந்தத் தனி வரிசையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். வரைவு எழுதுவது என் வேலை. கடிதம் எழுதத்தானே பேங்கில் சம்பளம் கொடுக்கிறார்கள்!